கல்யாண கேசட் உங்களுடையதுதான், கெடாமல் டி.வி.டி. ஆக்குங்கள்

மயிலாப்பூர், தி. நகர் பக்கம் 1980, 90களில் கல்யாணம் நடந்த பல வீடுகளின் பரணில் இன்னும் ஒரு வி.எச்.எஸ். கேசட் கிடக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு கையை விரித்துவிட்டது. ஓடுகிற வி.சி.ஆர். ஒன்று கைக்கு எட்டும்போதே நகல் எடுத்துவிட வேண்டும்.

நகல் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நீங்களே முதல் உரிமையாளர். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பின்னணியில் கோத்த சினிமாப் பாட்டுக்கு மட்டும் அந்த உரிமை வராது. யூடியூபில் ஏற்றினால் சிக்கல் வரலாம்.

இனி, கணினியில் ஏற்றிய படத்தை டி.வி.டி. ஆக்கும் மென்பொருள். பலரும் முதலில் தேடிப் போவது ஹேண்ட்பிரேக். இலவசம், நல்ல கருவி. ஆனால் அது எம்.பி.4, எம்.கே.வி. போன்ற கோப்புகளைத்தான் தரும், டி.வி.டி. தட்டாக ஆக்கித் தராது. வீட்டு டி.வி.டி. பிளேயருக்கு வேண்டியது எம்பெக்-2. நம் நாட்டு டி.வி.க்கான பால் (PAL) முறையில் படத்தின் அளவு 720க்கு 576. டி.வி.டி.ஸ்டைலர் அப்படி மாற்றி, மெனுவும் வைத்து, தட்டில் எழுதியும் கொடுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதையே சொல்வேன். கட்டளை தட்டப் பழகியவருக்கு எஃப்.எஃப்.எம்பெக் இருக்கிறது. ஆனால் அதன் 'பால்-டிவிடி' அமைப்பு படத்துக்கு மட்டும் நொடிக்கு 6 மெகாபிட் எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரப் படமே 4.7 ஜி.பி. தட்டில் அடங்காது. பிட்ரேட்டை நீங்களே குறைத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் ஓடும் இ-180 கேசட்டை ஒரே தட்டில் அடைத்தால், ஒலி போகப் படத்துக்குக் கிடைப்பது நொடிக்கு 3.2 மெகாபிட் அளவுதான். ஹோமப் புகை எழும்பும் இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடையும். கூறைப் புடவையின் ஜரிகை கரைந்துபோகும். வி.எச்.எஸ். நாடாவில் அகலவாட்டு நுணுக்கம் எப்படியும் குறைவு. அதனால் 352க்கு 576 என்று வையுங்கள். டி.வி.டி. தரம் அதையும் ஏற்கிறது, உடைசலும் குறையும். இரண்டு முறை படத்தை அலசும் 'டூ பாஸ்' வசதி உள்ள எச்.சி.என்க் போன்றவை, புகைக்குக் கூடுதல் பிட்டும் அசையாத மண்டபத்துக்குக் குறைவாகவும் பங்கிடும். முழுப் படத்தையும் மாற்றுமுன் ஊஞ்சல் காட்சியை மட்டும் மாற்றி டி.வி.யில் பாருங்கள். ஊஞ்சல் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை, அதாவது படத்தின் ஒற்றை, இரட்டை வரிகள் வரும் முறை, தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். வி.எச்.எஸ். அல்லாமல் மினி டிவி (MiniDV) கேமராவில் எடுத்த படம் என்றால், கீழ் ஃபீல்டு முதலில் வர வேண்டும்.

இலவச மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் ஒரு பதிவிறக்க சர்வருக்குள்ளேயே புகுந்து, மேக் கணினிக்கான கோப்பில் புரோட்டான் என்ற உளவு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுங்கள். இறக்கிய கோப்பின் செக்சம் எண்ணை அங்கே தந்துள்ள எண்ணோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

கடையில் கொடுப்பவர்கள் பில் இல்லாமல் கேசட்டைக் கொடுக்காதீர்கள். எத்தனை கேசட், எத்தனை தட்டு, என்று திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நாடா அறுந்தாலோ தொலைந்தாலோ முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லோடு, கெட்டுப்போன தட்டையும் அறுந்த நாடாவையும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.