ஊர்ப்பெயர் என்னும் ஆவணம்

மக்கள் ஓரிடத்தில் நிலையாகக் குடியேறியபோது, அவ்விடத்தைப் பிற இடங்களினின்று பிரித்துச் சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. கண்முன் நின்ற மரம், காலடியில் கிடந்த மண், தேங்கிய நீர், வழிபட்ட தெய்வம், ஆண்ட தலைவன் ஆகியவற்றுள் ஒன்றைக்கொண்டு அவர்கள் தம் ஊரை அழைத்தனர். மரம் பட்டுப்போன பின்னும், தலைவன் மறைந்த பின்னும் பெயர் நிலைத்து நின்றது. எனவேதான், ஊர்ப்பெயரை வரலாற்று ஆவணமாகக் கொள்கின்றனர் அறிஞர். இத்துறையில் தமிழர்க்கு வழிகாட்டிய நூல், நெல்லை மண்ணில் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளை எழுதிய ‘தமிழகம் ஊரும் பேரும்’ ஆகும்.

பொதுக்கூறும் சிறப்புக்கூறும்

ஊர்ப்பெயர்கள் பலவும் இரு கூறுகளை உடையவை. புளியங்குடி என்பதில் ‘குடி’ பொதுக்கூறு. அது குடியிருப்பைக் குறிக்கும். ‘புளி’ சிறப்புக்கூறு, அஃது எந்தக் குடி என்பதைக் காட்டும். மரப்பெயராகிய புளி, ‘அம்’ சாரியை பெற்றுப் புளியங்குடி என்றாயிற்று. பொதுக்கூறு நிலத்தின் இயல்பையும் குடியிருப்பின் வகையையும் சொல்லும். சிறப்புக்கூறு அவ்வூருக்கே உரிய செய்தியைச் சொல்லும்.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. இங்குக் கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஊர்ப்பெயர்களிலும் ‘கரிசல்’, ‘செவல்’ என்னும் சொற்கள் பயில்கின்றன. செவல் என்பது செம்மண் நிலம். குருவிகுளம், களப்பாகுளம், தேவர்குளம் எனக் ‘குளம்’ என்று முடியும் பெயர்கள் பல. வன்னிக்கோனேந்தல் போன்ற பெயர்களில் வரும் ‘ஏந்தல்’ என்பதும் ஏரியையே குறிக்கும். மழை குறைந்த நிலத்தில் நீரைத் தேக்கியே ஊரை நிறுத்தினர் முன்னோர் என்பதற்கு இப்பெயர்களே சாட்சி.

தேய்ந்தும் திரிந்தும்

சங்கரன்கோவில் என்னும் பெயரும் முன்பு இவ்வாறு இல்லை. சிவனும் திருமாலும் ஓருருவாய் நின்ற சங்கரநாராயணர் கோவிலால் சிறப்புற்ற இவ்வூர், ஆங்கிலேயர் கால ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் என்று காணப்படுகிறது. நயினார் என்பது தலைவரை, இறைவரைக் குறிக்கும் சொல். மக்கள் நாவில் அச்சொல் நழுவிப்போக, சங்கரன்கோவில் நிலைத்தது.

இவ்வாறு சிதைந்து வழங்கினும் சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட சொல்லை ‘மரூஉ’ என்று இலக்கணம் கூறும். திருநெல்வேலி நெல்லை என்றும், தஞ்சாவூர் தஞ்சை என்றும் ஆயின. அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூர், இலக்கியத்தில் ‘கருவை’ எனப்படுகிறது. அதிவீரராம பாண்டியர் பாடிய திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி, இவ்வூர் இறைவன் மீதே அமைந்தது.

சில பெயர்கள் திரியாமல் முற்றிலும் மறைந்தும் போகின்றன. கழுகுமலையில் உள்ள சமணச் சிற்பங்களின் அடியில் வெட்டப்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அவ்வூரை ‘நெச்சுரம்’ என்று குறிக்கின்றன. இன்று அப்பெயரைச் சொல்வார் இல்லை. கல் மட்டுமே அதனைக் காத்து வைத்திருக்கிறது.

கதையும் சான்றும்

ஊர்ப்பெயருக்குப் பொருள் காண்பதில் விழிப்பு வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அயலார் ஆட்சியை எதிர்த்த பூலித்தேவரின் ஊர், நெற்கட்டும்செவல் என்றும் நெற்கட்டான்செவல் என்றும் வழங்குகிறது. ‘கட்டும்’ என்பது உடன்பாட்டுப் பெயரெச்சம். ‘கட்டான்’ என்பது எதிர்மறை வினைமுற்று. நெல்லை வரியாகக் கட்ட மறுத்ததால் ‘கட்டான்’ என்று பெயர் மாறியதாக மக்கள் கூறுவர். ஒரு சொல்லில் ஒரு போரையே நினைவில் நிறுத்திய அவ்வழக்கு, மக்கள் உள்ளத்தை அறியச் சான்றாகும். ஆனால், ஒரு பெயரின் மூல வடிவத்தைத் துணியக் கல்வெட்டு, செப்பேடு, பழைய நில ஆவணம் ஆகியவற்றை ஒப்பிடல் வேண்டும். கதையைத் தள்ளவும் கூடாது. கதையையே வரலாறாகக் கொள்ளவும் கூடாது.

பெயரைக் காத்தல்

அயல்மொழி எழுத்தில் எழுதும்போதும் பெயர் உருமாறுகிறது. திருநெல்வேலி ‘தின்னவெல்லி’ என்றும், தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’ என்றும் ஆங்கிலேயர் ஆவணங்களில் இடம்பெற்றன. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பை மாற்றித் தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆணை வெளியிட்டது. எழுத்தமைப்புப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழவே, சில நாள்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பெயரைச் செம்மைப்படுத்துவது எத்துணை நுட்பமான பணி என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

எழுத்தைக் காப்பதோடு பெயர் சுட்டும் பொருளையும் காத்தல் வேண்டும். குளம் தூர்ந்து மனைகளான பின், ‘குளம்’ என்னும் ஈறு பொருளற்ற ஒலியாகிவிடும். அங்கே நீர் நின்றது என்பதை அறியாத தலைமுறை, மழைவெள்ளம் வீட்டுக்குள் புகும்போது வியந்து நிற்கும். ஊர்ப்பெயரை அறிந்தவர்க்கோ அது முன்னரே எச்சரிக்கை செய்துவிடுகிறது.

மாணவர்களே, உங்கள் ஊரின் பெயரைப் பொதுக்கூறு, சிறப்புக்கூறு எனப் பிரித்துப் பாருங்கள். முதியோர் அதனை எவ்வாறு ஒலிக்கின்றனர் என்று கேளுங்கள். கோவில் கல்வெட்டிலும் பழைய பத்திரங்களிலும் அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று தேடுங்கள். நாள்தோறும் முகவரியில் எழுதும் அச்சொல்லுக்குள், உங்கள் மண்ணும் நீரும் முன்னோரும் இருப்பதைக் காண்பீர்கள்.