உஷார்! பழைய மஞ்சளுக்குள் ஈயம்

அமெரிக்காவில் பழைய ஜான் டியர் புல்வெட்டி ஒன்றைச் சல்லிசாக வாங்கி, கராஜில் வைத்துப் புதுப்பிக்கப் போகிறீர்களா? எடுத்த உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள்.

இந்த வேலையில் இறங்கியவர்களை ஆட்டிப்படைப்பது ஒரிஜினல் கலர். மேலே தெரிவது வெயிலில் வெளுத்தது; அதற்கும் மேல் முந்தைய சொந்தக்காரர் பூசிய பெயின்ட் வேறு. ஜான் டியர் என்றாலே பச்சைதான் என்று சத்தியம் செய்யவும் முடியாது. 1969-இல் வந்த ‘பேட்டியோ’ வரிசை ஜான் டியருக்கு உடல் வெள்ளை. எஞ்சின் மூடியும் சீட்டும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று நாலு வகை. அதனால் ஒரு மூலையில் வட்டமாகத் தேய்த்து, அடுக்கடுக்காக உள்ளே போய்க் கம்பெனி கலரைத் தேடுவார்கள். வினையே அந்தத் தேய்ப்பில்தான்.

பழைய மெஷின்களின் பளீர் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈய குரோமேட் நிறமி பரவலாகப் பயன்பட்டது. பச்சையும் தப்பவில்லை: குரோம் மஞ்சளில் பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் குரோம் பச்சை. ஈயத் தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். குரோமேட் தூசி நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உங்கள் சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக்குள் வர, கதவைத் திறந்தாலே போதும்.

“ஈய பெயின்ட்டை 1978-லேயே தடை செய்துவிட்டார்களே?” செய்தார்கள், ஓட்டையும் வைத்தார்கள். விவசாயக் கருவி, தோட்டக் கருவிகளுக்கான டச்சப் பெயின்ட்டுக்கு விதிவிலக்கு. டப்பாவில் எச்சரிக்கை அச்சிட்டால் சரி. ஆக, 1978-க்குப் பிந்தைய மெஷின் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கலரைக் கண்டுபிடிக்கத் தேய்க்கவே வேண்டாம். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: சீட்டுக்கு அடியில், பெல்ட் மூடியின் உட்புறம், ஸ்டிக்கருக்குக் கீழே. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் கிரீஸ் பிசுக்கைத் துடைத்தால் பழைய கலர் அப்படியே இருக்கும். அந்த மூடியையே கழற்றி, கலரை அளக்கும் கருவி உள்ள பெயின்ட் கடைக்கு எடுத்துப் போங்கள். கடையின் டியூப் லைட்டில் அச்சு அசலாகப் பொருந்தும் கலர் வெயிலில் காலை வாரும். தகரத் துண்டில், மெஷினுக்கு அடிக்கப்போகும் அதே பிரைமர் மேல் பூசி, நன்றாகக் காய்ந்தபின் வாசலில் வைத்துப் பாருங்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டியே ஆகவேண்டுமா? வாட்டர் பேப்பரில், ஈரத்தோடு மட்டும். கிரைண்டர், கம்பி பிரஷ், ஹீட் கன் எதுவும் கூடாது. சாதாரணத் துணி மாஸ்க் உதவாது, பி100 ஃபில்டர் வேண்டும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மேலே எழும்பும். கழுவிய தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றாதீர்கள்!

இன்னொன்று. ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். அந்த ஆவி ஆஸ்துமாவை வரவழைக்கும். ஈயத்துக்காக வாங்கிய பி100 அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று கொடுக்கும் மாஸ்க் இல்லாவிட்டால் ஹார்டனர் டப்பாவைத் திறக்காதீர்கள்.