ரூம்மேட் உங்கள் மீது பொய்ப்பழி போடுகிறாரா? சட்டத்தில் என்ன வழி?

‘என் செயினைக் காணோம். எடுத்தது அவள்தான்!’ ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் போதும். வார்டன் முதல் பக்கத்து அறைப் பெண் வரை எல்லோருடைய பார்வையும் மாறிவிடும். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு வந்து அறையைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு, தங்கும் இடம், வேலை, வீட்டாரின் நிம்மதி என எல்லாவற்றையும் அசைத்துவிடும் விஷயம் இது.

நான்கு பேரிடம் பழி சொல்வது வேறு. போலீஸில் புகார் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனி வழிகள் உண்டு.

வெளியில் பழி பரப்பினால்...

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி இது அவதூறு. 2 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை தண்டனையாகக் கிடைக்கலாம். இதற்கு போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போடுவதென்றால், ஓராண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். மன்னிப்புக் கேட்டு அத்தோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு.

போலீஸுக்குப் போய்விட்டால்...

தலைமறைவாகாதீர்கள். குடியிருக்கும் இடத்தில் திருடினால் 7 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. ஆனாலும், புகார் வந்ததுமே கைது செய்தாக வேண்டும் என்பதில்லை. நோட்டீஸ் கொடுத்தும் விசாரிக்கலாம். நோட்டீஸ் வந்தால் தவறாமல் ஆஜராகுங்கள். கைது செய்வார்கள் என்ற பயம் இருந்தால், செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். அடிப்படையே இல்லாத எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

பொய்ப் புகார் கொடுத்தவருக்கு?

பொய் எனத் தெரிந்தே போலீஸுக்குத் தகவல் கொடுத்தால், 217-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ஒருவருக்குக் கேடு செய்யும் நோக்கில் பொய்க் குற்றச்சாட்டு சுமத்தினால், 248-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை. ஆனால், வழக்கு நிரூபணமாகவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. செயின் நிஜமாகவே தொலைந்து, தவறாகச் சந்தேகப்பட்டிருந்தால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது. ‘தெரிந்தே சொன்ன பொய்’ என்பது நிரூபிக்கப்பட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

* ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் ஒரிஜினல் மெசேஜை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் டிஜிட்டல் ஆதாரத்துடன் அதற்கான சான்றிதழும் தர வேண்டும்.
* அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அலுவலக வருகைப்பதிவு, பயண டிக்கெட் போன்றவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால், எடுத்துவைக்கச் சொல்லி உடனே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.
* கோபத்தில் பதிலுக்கு ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மீதே திரும்பலாம்.
* மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறலாம்.