போட்டியாளர்கள் கைகோக்கலாமா?

போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் அது எப்போதும் குற்றம்தானா? பொருளியல் வகுப்பில் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்ட இக்கேள்விக்கு, தொடக்க காலத்தில் 'ஆம்' என்றே பதிலளித்து வந்தேன். அந்தப் பதிலை மாற்றிக்கொள்ள வைத்தது, ஐரோப்பிய சலவை இயந்திர நிறுவனங்கள் தொடர்பான ஒரு வழக்கு.

ஐரோப்பிய விற்பனையில் 95 சதவீதத்துக்கும் மேல் வைத்திருந்த அந்நிறுவனங்கள், மின்சாரத்தை அதிகம் செலவிடும் இயந்திரங்களை இனித் தயாரிப்பதோ இறக்குமதி செய்வதோ இல்லை என உடன்பாடு செய்துகொண்டன. நுகர்வோரின் தெரிவு சுருங்குவதால் இது போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்றது ஐரோப்பிய ஆணையம். எனினும், 1999-ஆம் ஆண்டு தேதியிட்ட முடிவில் அதற்கு விலக்களித்தது.

காரணம், ஐரோப்பிய சட்டத்தின் நான்கு நிபந்தனைகள். உற்பத்தி, விநியோகம் அல்லது தொழில்நுட்பம் மேம்பட வேண்டும். அந்தப் பலனில் நுகர்வோருக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய கட்டுப்பாடு கூடாது. போட்டி அடியோடு அழியக் கூடாது. நான்கில் ஒன்று தவறினாலும் விலக்கு இல்லை. இந்த வழக்கில், கூடுதல் விலையை மின்கட்டணச் சேமிப்பின் மூலம் 9 முதல் 40 மாதங்களுக்குள் நுகர்வோர் ஈடுகட்டிவிடலாம் என ஆணையம் கணக்கிட்டது. விலையிலும் தரத்திலும் நிறுவனங்களிடையே போட்டியும் தொடர்ந்தது.

நமது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டமும் இந்த வழியை அடைத்துவிடவில்லை. போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பது, உற்பத்தியைக் குறைப்பது, சந்தையைப் பங்கிடுவது ஆகியவற்றைத் தீங்கானவை என்றே பிரிவு 3 அனுமானிக்கிறது. ஆனால், திறனைப் பெருக்கும் கூட்டு முயற்சிகளுக்கு அந்த அனுமானம் பொருந்தாது. நுகர்வோர் நலன், உற்பத்தி மேம்பாடு, தொழில்நுட்ப வளர்ச்சி ஆகியவற்றையும் ஆணையம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது பிரிவு 19(3).

ஆனால், நுகர்வோருக்கு நியாயமான பங்கு சேர்வதை அது கட்டாய நிபந்தனையாக்கவில்லை. பல அளவுகோல்களில் ஒன்றாகவே வைக்கிறது. எனது கவலை இதுதான். இந்த நெகிழ்வை அளவின்றிப் பயன்படுத்தினால், விலையை உயர்த்தும் கூட்டணிகளும் 'திறன்' என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு அஞ்சி எல்லாவற்றையும் தடுத்தால், ஆய்வகத்தையோ கிடங்கையோ தனியாக அமைக்க இயலாத சிறு நிறுவனங்கள் ஒன்றுசேரத் தயங்கும்.

ஆகவே, பலன் உண்டு என்பதைக் கணக்கோடு நிறுவும் பொறுப்பு, உடன்பாடு செய்தவர்களுடையதாக இருக்க வேண்டும். இன்று அதே கேள்வியை ஒரு மாணவர் கேட்டால், 'மிச்சமாகும் பணம் யாருடைய பைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்' என்பேன்.