காதால் தேடும் சிறுத்தை

இலங்கையிலுள்ள யால தேசியப் பூங்காவின் பலட்டுப்பான வாயில் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே, திஸ்ஸமகாராமவிலிருந்து இருட்டோடு கிளம்பிய ஜீப்புகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. முதலில் உள்ளே போக ஏன் இந்தப் போட்டி என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்பது பாதிக் காரணம்தான். இரவெல்லாம் சிறுத்தை நடந்த தடம் அந்த நேரத்தில் மண் பாதையில் அப்படியே கிடக்கும் என்பது மீதிப் பாதி. பத்து ஜீப்புகள் ஓடிவிட்டால் அதை யாரும் பார்க்க முடியாது.

நாம் ஜீப்புக்காகப் போட்ட பாதை சிறுத்தைக்கும் பிடித்துப்போயிற்று. யாலவின் காடு உயரமான மழைக்காடு அல்ல. பாலையும் வீரையும் ஆவாரையும் முட்செடிகளும் நெருங்கி வளர்ந்த வறண்ட காடு. அதற்குள் புகுந்து சருகு நொறுங்காமல் நடப்பது சிறுத்தைக்கே சிரமம். மணல் பாதையில் பாதம் ஒலி எழுப்பாது, பனி படிந்த புல் உடம்பை நனைக்காது, எல்லையைக் காட்ட மூத்திரம் பீய்ச்சி வைக்க ஓரத்து மரங்களும் உண்டு. ஆண் சிறுத்தை தன் எல்லையைச் சுற்றிவரப் பெரும்பாலும் இந்தப் பாதைகளைத்தான் பயன்படுத்துகிறது.

ஜீப்பில் உடன் வரும் வழிகாட்டி இருக்கையில் சாய்ந்து உட்காராமல் பக்கவாட்டில் எட்டிக் கீழே பார்த்துக்கொண்டே வருவது அதனால்தான். நான்கு விரல்கள், பின்னால் மூன்று மடிப்பாக முடியும் உள்ளங்கால், நகக்குறி கிடையாது. நகங்களை உறைக்குள் இழுத்துக்கொண்டு நடக்கும் விலங்கு அது. நரியின் தடத்தில் விரல்களுக்கு முன்னால் நகம் குத்தியிருக்கும். ஆணின் தடம் அகன்றது, பெண்ணினது சற்று ஒடுங்கி நீண்டது. விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிது. அதன்மேல் வண்டு ஊர்ந்த கோடு ஓடினாலோ பனி சொட்டிய குழி விழுந்திருந்தாலோ அது முன்னிரவில் போன தடம். எந்தப் பக்கம் போயிருக்கிறது, எந்த இடத்தில் பாதையை விட்டு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய காடு மிகவும் சுருங்கிவிடும்.

தடம் அவ்வளவுதான் சொல்லும். அதற்குப் பிறகு சிறுத்தையைக் கண்டுபிடிப்பது காது. யாலவுக்குப் போகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதுதான். சிறுத்தை நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே மற்ற விலங்குகளின் கண்ணில் பட்டுவிடுகிறது. அவை அதைச் சத்தம் போட்டுச் சொல்லியும் விடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்பில் அந்தச் சத்தம் கேட்காது. இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பவருக்குத்தான் கேட்கும்.

புள்ளிமானின் எச்சரிக்கை கூர்மையாக, ஒரே எட்டில் உச்சிக்குப் போய் அறுந்துவிடும் குரல். கத்தும்போது வால் நிமிரும், முன்னங்கால் தரையைத் தட்டும், கூட்டம் முழுவதும் ஒரே திசைக்குத் திரும்பி நிற்கும். மந்தி மரத்தின் உச்சியிலிருந்து அடைத்த தொண்டையோடு இருமுவதுபோலக் கத்தும். மரை என்னும் பெரிய மான் கனத்த குரலில் ஒருமுறை முழங்கிவிட்டு இடைவெளி விடும், பிறகு மறுபடியும் முழங்கும். மயிலும் காட்டுக்கோழியும் அலறுவதுண்டு. ஆனால் அவற்றை அனுபவசாலிகள் அவ்வளவாக நம்புவதில்லை. கீரியைப் பார்த்தாலும் அலறும். இளைய புள்ளிமானும் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் ஒருமுறை கத்திப் பார்க்கும். வயதான மரை விட்டு விட்டுத் தொடர்ந்து கத்தினால் பெரும்பாலும் அங்கே சிறுத்தை இருக்கிறது.

மந்தியின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அது மேலே இருந்து பார்க்கிறது. மானுக்குப் புதர் மறைக்கிறது, மந்திக்கு மறைப்பதில்லை. மந்திகள் தின்றுவிட்டு உதிர்க்கும் இலையையும் காயையும் பொறுக்கப் புள்ளிமான்கள் அந்த மரங்களின் கீழேயே மேயும். மேலே கத்தினால் கீழே இருப்பவை தலை தூக்கும். வழிகாட்டி மந்தி கத்துவதைக் கேட்டதோடு நிறுத்தமாட்டார், அது எங்கே பார்க்கிறது என்றும் பார்ப்பார். ஒரு மரத்தில் தொடங்கிய கத்தல் அடுத்த மரத்துக்கும் அதற்கடுத்த மரத்துக்கும் நகர்ந்தால் சிறுத்தை நடந்துகொண்டிருக்கிறது. கத்தல் ஓரிடத்திலேயே நின்றால் சிறுத்தையும் அங்கேயே படுத்திருக்கிறது.

ஒளிந்து வாழ வேண்டிய மான், தான் இருக்குமிடத்தைத் தானே ஏன் கூவிச் சொல்கிறது? கூட்டத்தை எச்சரிக்க என்பது ஒரு பதில். சிறுத்தைக்கே செய்தி சொல்ல என்பது இன்னொரு பதில், அதில்தான் எனக்கு வியப்பு அதிகம். சிறுத்தை நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கும் விலங்கு அல்ல. பதுங்கிப் பதுங்கிச் சில மீட்டர் தூரத்துக்கு நெருங்கிய பிறகே பாயும். பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதன் வேட்டை பெரும்பாலும் முடிந்தது. ஐவரி கோஸ்ட்டின் ‘தாய்’ என்னும் காட்டில் கிளவுஸ் சூபர்பூலரும் அவருடன் பணியாற்றியவர்களும் சிறுத்தைக்கு ரேடியோ பட்டை கட்டி ஆராய்ந்து 1999இல் இதை வெளியிட்டார்கள். குரங்குகள் கண்டுகொண்டு கத்தியதும் சிறுத்தை பதுங்கியிருந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட்டது. ‘உன்னைப் பார்த்துவிட்டேன், நேரத்தை வீணாக்காதே’ என்று இரை சொல்ல, வேட்டையாடும் விலங்கு அதைக் கேட்டு நடக்கிறது. யாலவின் காலையில் நாம் ஒட்டுக்கேட்பது இந்தப் பேச்சைத்தான்.

சில நாட்களில் சிறுத்தையின் குரலே கேட்கும். கர்ஜனை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அது புதிதாக இருக்கும். ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல, உள்ளிழுத்து வெளிவிடும் மூச்சோடு கரகரவென்று வரும். துணையைத் தேடும்போதும், தன் எல்லையில் தான் இருப்பதை மற்ற ஆண்களுக்கு அறிவிக்கும்போதும் அப்படிக் குரல் கொடுக்கும்.

சத்தம் வந்த திசை தெரிந்த பிறகு கண்ணின் வேலை. முழுச் சிறுத்தையைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. காதின் வெள்ளைப் புள்ளி, புல்லுக்கு மேல் எழும்பும் தோள், பாலை மரக்கிளையிலிருந்து நேராகத் தொங்கும் ஒரு கோடு, இவற்றைத்தான் தேட வேண்டும். அந்தக் கோடு வால். மற்ற கிளைகளும் விழுதுகளும் காற்றுக்கு அசையும்போது அது மட்டும் தன்னிஷ்டத்துக்கு நுனியை மடக்கும். வெப்பண்தெணிய போன்ற இடங்களின் மொட்டைப் பாறைகளையும் விடக்கூடாது. காலை வெயில் முதலில் விழும் பாறை மேல் சிறுத்தை நீட்டிப் படுத்திருப்பது யாலவில் அடிக்கடி காணும் காட்சி.

பகலில் திறந்த பாறையில் படுக்கும் அந்தத் தைரியம் இந்தியக் காடுகளின் சிறுத்தைகளிடம் அரிது. அங்கே புலிக்கு வழி விட வேண்டும், செந்நாய்க் கூட்டத்துக்கு அஞ்சி மரமேற வேண்டும். இலங்கையில் இவை இரண்டும் இல்லை. ஒரு காலத்தில் தீவில் சிங்கமும் புலியும் இருந்திருக்கின்றன. குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து அழிந்துபோன ஒரு சிங்கத்தை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல 1939இல் விவரித்தார். இலங்கைச் சிறுத்தையைத் தனித் துணையினமாக 1956இல் விவரித்தவரும் அவரே. பெரிய போட்டியாளர்கள் மறைந்த தீவில் சிறுத்தையே தலைமை வேட்டை விலங்காக நிலைத்துவிட்டது. ஆணின் சராசரி எடை 56 கிலோ என்றும் பெண்ணினது 29 கிலோ என்றும் பழைய அளவீடுகள் சொல்கின்றன. 77 கிலோ ஆணும் பதிவாகியிருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த மரையை ஆண் சிறுத்தை தனியாக வீழ்த்தும். இரையைப் பறிக்க ஆளில்லாததால் அதை மரத்தில் ஏற்றி வைக்கும் பழக்கம் இங்கே குறைவு. புதருக்குள் இழுத்துப் போட்டுவிட்டுச் சாவகாசமாகத் தின்னும்.

யால மொத்தம் சுமார் 979 சதுர கிலோமீட்டர். ஐந்து பிரிவுகளாக நிர்வகிக்கப்படுகிறது. 1938இல் தேசியப் பூங்காவான முதல் பிரிவு சுமார் 141 சதுர கிலோமீட்டர்தான். உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று இந்தச் சிறிய பகுதி. மழை குறைந்த நிலம் என்றாலும் குளங்களும் களப்புகளும் மாணிக்க கங்கையும் இருக்கின்றன. நீரைச் சுற்றிப் புள்ளிமான் கூட்டங்கள், பாறைகளில் குட்டி போட இடுக்குகள். பெண் சிறுத்தை சுமார் நூறு நாள் சினை சுமந்து பெரும்பாலும் இரண்டு குட்டிகள் ஈனும். குட்டிகள் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் தாயோடு இருக்கும். சுற்றுலாப் பயணிகள் பார்ப்பவற்றில் கணிசமானவை தாயை விட்டுப் பிரிந்த, பிரியப்போகிற இளம் சிறுத்தைகள். ஜீப் சத்தத்திலேயே வளர்ந்த அவை வண்டியைப் பொருட்படுத்துவதில்லை.

பார்த்தது எந்தச் சிறுத்தை என்றும் சொல்ல முடியும். உடலின் ரோஜா வடிவப் புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. ஆகவே ஒரு சிறுத்தையைப் பதிவு செய்ய இரு பக்கப் படமும் வேண்டும். நெற்றிப் புள்ளிகளும் மீசை வரிசைக்கு மேலுள்ள புள்ளிகளும் உதவும். ஆய்வாளர்கள் அஞ்சலி வாட்சனும் ஆண்ட்ரூ கிட்டிலும் தானியங்கி கேமராக்களை வைத்து இப்படித்தான் இலங்கைச் சிறுத்தைகளை எண்ணியும் அவற்றின் எல்லைகளை வரைந்தும் வந்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் யாலவுக்குப் போகும் படக்காரர்களின் படங்களும் அந்தக் கணக்குக்கு உதவுகின்றன. உங்கள் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் முகமும் விலாவும் தெரிந்தால் பயனுண்டு.

தமிழர்களில் ஒரு கூட்டத்தார் ஜீப்பில்லாமலே இந்தக் காட்டை அறிந்தவர்கள். ஆண்டுதோறும் கதிர்காமத் திருவிழாவை ஒட்டி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பாதயாத்திரை வருபவர்கள் உகந்தை முருகனை வணங்கிவிட்டுக் குமண, யால காடுகளுக்குள் இறங்குகிறார்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி, அரோகரா சொல்லிக்கொண்டு கூட்டமாக நடக்கிறார்கள். இரவில் காட்டிலேயே படுக்கிறார்கள். மனிதக் கூட்டத்தின் சத்தத்துக்குச் சிறுத்தை ஒதுங்கிவிடும். அவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிச் சொல்வது யானையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான்.

மலையகத் தமிழர்களின் சிறுத்தை வேறு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரங்களிலும் அது வாழ்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் அதே படிகளில் இரவில் நடக்கிறது. அங்கே அதன் பெரிய எதிரி காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டியது. மீட்டுச் சிகிச்சைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்தது. கருஞ்சிறுத்தை தனி இனமல்ல, நிறமி மிகுந்து பிறந்த அதே சிறுத்தை. உற்றுப் பார்த்தால் கருமைக்குள் புள்ளிகள் தெரியும். இலங்கைச் சிறுத்தைகளில் மீதமிருப்பவை சில நூறுகள்தான் என்பது மதிப்பீடு. அந்தத் தொகையில் ஒவ்வொரு கண்ணிச் சாவும் பெரிய இழப்பு. பன்றியிடமிருந்து தோட்டத்தைக் காக்க வேறு வழி இல்லையென்றால் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலி போட உதவ வேண்டியது நிர்வாகங்களும் அரசும்.

யாலவில் சிறுத்தைக்கு வரும் தொல்லை நம்மைப் போன்ற ரசிகர்களால் வருகிறது. ஒரு ஓட்டுநர் சிறுத்தையைக் கண்டால் செய்தி பரவி, சிறிது நேரத்தில் ஜீப்புகள் முட்டி மோதி நிற்கின்றன. பாதையைக் கடக்க வந்த தாய் குட்டிகளோடு திரும்பிப் போய்விடுகிறாள். ஓட்டுநர் விரட்டிப் போவதற்கு வண்டியில் இருப்பவர்களின் ஆசையும் காரணம். சிறுத்தையைக் காட்டினால்தான் இவர்களுக்குத் திருப்தி என்று அவர் நினைக்கிறார். ஆகவே ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: மெதுவாகப் போகலாம், கூட்டம் கூடிய இடம் வேண்டாம், குளத்துப் பக்கம் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம் என்று. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் வழிகாட்டி கிடைத்தால் கட்டாயம் அழைத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிற உடையும் தொலைநோக்கியும் போதும், வாசனைத் திரவியம் வேண்டாம். அனுமதித்த இடங்களைத் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். குளங்கள் வற்றத் தொடங்கும் பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை நல்ல காலம். பாலை பழுக்கும் ஜூன், ஜூலையில் போனால் பழம் தின்ன மரமேறும் கரடியையும் பார்க்கலாம். செப்டம்பரிலிருந்து ஏறத்தாழ அக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சிக்காக முதல் பிரிவை வழக்கமாக மூடிவிடுவார்கள். பயணத்தை உறுதி செய்யுமுன் அந்த ஆண்டின் தேதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.