கிரானைட்டில் பாதி எடை: சென்னை கண்டுபிடித்த சில்வியா

கிருஷ்ணகிரி, ஓசூர் நெடுஞ்சாலையில் கிரானைட் பாளம் ஏற்றிப்போகும் லாரிகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்தக் கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன் இருக்கும். சில்வியா என்ற சிறுகோளில் அதே அளவு வெட்டி எடுத்தால் 1.4 டன்தான் தேறும். சூரியனிலிருந்து 52 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றுகிற ஒன்றை எப்படி எடை போட்டார்கள்?

சில்வியா நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு. 1866 மே 16 அன்று சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் அதைக் கண்டார். 1861இல் அவர் அங்கிருந்து கண்டுபிடித்த 'ஆசியா'தான், இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில் சில்வியா இருக்கிறது. சூரியனை ஒருமுறை சுற்ற ஆறரை ஆண்டு. தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 5 மணி 11 நிமிடமே போதும். வடிவம் உருண்டை இல்லை. நீளம் சுமார் 360 கி.மீ., குறுகிய பக்கம் 190 கி.மீ.

எடையைக் காட்டிக்கொடுத்தவை அதன் நிலாக்கள். முதல் நிலா 2001இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் தெரிந்தது. இரண்டாவது, 2004இல் சிலியில் எடுத்த படங்களில். இரண்டு நிலாக்கள் உள்ளதாக முதலில் அறியப்பட்ட சிறுகோள் இதுதான். ரோமானியப் புராணத்தில் சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளான ரோமுலஸ், ரீமஸ் பெயர்களையே நிலாக்களுக்கும் வைத்தார்கள். ரோமுலஸ் சுமார் 1,350 கி.மீ. தள்ளி 3.65 நாளிலும், ரீமஸ் 700 கி.மீ. தள்ளி 33 மணி நேரத்திலும் சுற்றுகின்றன. நடுவில் இருப்பதன் நிறை கூடினால் நிலா வேகமாக ஓடும், குறைந்தால் மெதுவாக ஓடும். தூரமும் நேரமும் கையில் இருந்தால் நியூட்டனின் ஈர்ப்பு விதி நிறையைச் சொல்லிவிடும். அதைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. பள்ளிக்கூட இயற்பியல்தான், அதனாலேயே எனக்கு இது பெரும் வியப்பு.

இவ்வளவு லேசாக இருப்பதால் சில்வியா ஒரே பாறையாக இருக்க வாய்ப்பில்லை. மோதலில் சிதறிய கற்கள் தம் ஈர்ப்பாலேயே மறுபடி சேர்ந்த குவியலாக, உள்ளே நிறைய வெற்றிடத்தோடு இருக்க வேண்டும். உறைந்த நீரும் கலந்திருக்கலாம். நிலாக்களும் அந்த மோதலில் பிறந்தவையாகவே கருதப்படுகின்றன.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலேயே, திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். சிப்காட் விளக்கொளியில் வளரும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் நிறைந்த வானம் அரிது. ஆசிரியர்களே, முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவர்களை ஒருமுறையாவது காவலூருக்கு அழைத்துப் போங்கள்.