கிறுகிறுப்புக்குப் பயிற்சியும் மருந்துதான்



படுக்கையிலிருந்து எழுந்தால் வீடே சுற்றுகிறது. வேப்பூர் ஆட்டுச் சந்தைக் கூட்டத்தில் நின்றால் கால் தள்ளாடுகிறது. "ராட்டினத்துல ஏறின மாதிரி இருக்குங்க" என்று பலர் சொல்கிறார்கள். இதைச் சிலர் பித்தம் என்பார்கள். சிலர் "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போவார்கள். இளம் மனைவி என்றால் "ஏதாச்சும் விசேஷமா?" என்பார்கள்.

கர்ப்பம், இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றிலும் தலை கிறுகிறுக்கும். ஆகையால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக் கொள்ளுங்கள். சுற்றல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

காரணம் என்ன?

ஒவ்வொரு காதின் உள்ளேயும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால், குடத்துத் தண்ணீர் அலம்புவது போல அத்திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி தரும். ஒரு காது பழுதானால் இரு காதும் இரு விதமாகச் சொல்லும், மூளை குழம்பும். நாளடைவில் மூளை இதற்குப் பழகிவிடும். ஆனால் படுத்தே கிடந்தால் பழகாது. சுற்றலை அடக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினாலும் பழகுவது தாமதமாகும்.

இங்கிலாந்தில் 1940-களில் காதார்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் இதற்கெனப் பயிற்சிகளை வகுத்தார்கள். அவை இன்றும் பயன்படுகின்றன.

மருத்துவர் சொன்னபின் செய்ய வேண்டியவை

1. உட்கார்ந்து, கட்டை விரலைக் கண்ணெதிரே நீட்டுங்கள். பார்வை விரலிலேயே இருக்கட்டும். தலையை மட்டும் இடவலமாக, பிறகு மேலும் கீழுமாக அசையுங்கள்.
2. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காருங்கள்.
3. சுவரோரமாக நடந்தபடி தலையை இருபுறமும் திருப்புங்கள்.

தினம் இரண்டு மூன்று வேளை, சிறிது நேரம் செய்தால் போதும். முதலில் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும், பயந்து விட்டுவிடாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கழுத்து வலி உள்ளவர்கள் கேட்டுத்தான் செய்ய வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுற்றினால் அது வேறு வகை. மருத்துவரே தலையைத் திருப்பிப் படுக்கவைத்துச் சரிசெய்வார்.

மனமும் தளரும்

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வெளியே போவது நிற்கும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அழுகை வரும். பயம் கூடினால் சுற்றலும் கூடும். பார்ப்பவருக்கு நோய் தெரியாது. "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்ற ஒரு சொல் நோயைவிட அதிகம் வலிக்கும். கணவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாம். பயிற்சியின்போது பக்கத்தில் நிற்கலாம். கணவருக்கு வந்தால் மனைவியும் அப்படியே. சுற்றல் தீரும்வரை கிணற்று மேடு, ஏணி, மரம் ஏறுதல், வண்டி ஓட்டுதல் வேண்டாம். மனக்கவலை மிகுந்தால் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

உடனே 108-ஐ அழையுங்கள்

சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ தாமதம் கூடாது.

தடுமாறும் துணைக்குத் தோள் கொடுப்போம்! குடும்ப நலம் காப்போம்!